எனக்கு முன் அந்த எண்ணில் இருந்தவர்

புதுச்சேரியில் இறங்கி அரை நாள்வரை என்னை யாரும் வெளிநாட்டுக்காரியாக நினைக்கவில்லை. ஆட்டோக்காரர் "எங்கம்மா போவணும்?" என்றார், சொன்னேன், கொண்டுபோய் விட்டார். இளநீர் வெட்டியவர் வழுக்கையா தண்ணியா என்று கேட்டார். ஈப்போவில் சீனக் கடைக்காரரிடம் மலாயிலும், வங்கியில் ஆங்கிலத்திலும் பேசிப் பழகிய எனக்கு, ஒரு நகரம் முழுக்க என் வீட்டு மொழியில் நடப்பதே விருந்தாக இருந்தது. கைப்பேசிக் கடையில்தான் அந்த விருந்து முடிந்தது.

கடைக்காரர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தமிழ்தானே பேசுறீங்க. இதுல மலேசியான்னு போட்டிருக்கு."

"மலேசியாதான். ஈப்போ."

"அப்ப ஃபாரினர் கணக்குலதான் சிம் போடணும். இந்த ஊர்க்காரங்க ஒருத்தர் ரெஃபரன்ஸ் குடுக்கணும்மா. அவங்க போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னாத்தான் மேல போவும்."

எனக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் ஜுபைதா அக்கா. நான் தங்கியிருந்த மாடி அறையின் சொந்தக்காரர். ஊரின் தெற்குப் பக்கம், பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில் வீடு. கணவர் துணி வியாபாரம் செய்து காலமானவர். பிள்ளைகள் வெளியூரில். அன்று காலையில்தான் அறிமுகம் என்றாலும், போன் செய்ததும் கடைக்கே நடந்து வந்துவிட்டார். வந்த ஓடிபியைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "என்னைச் சாட்சி வெச்சு வாங்குற சிம்மு. ஏடாகூடமா எதுவும் பண்ணிடாதீங்கம்மா," என்று சிரித்தார். கடைக்காரர் என்னைக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லிப் படம் எடுத்தார். காலையில் வேலை செய்யும் என்றார்.

நான் வந்தது தங்கைக்காக. அவள் ஈப்போவில் பூசைப் பொருள் கடை வைத்திருக்கிறாள். இந்த ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு ஊதுபத்திக் கூடத்திலிருந்து சரக்கு போகிறது. புது வாசனைகளை யாராவது நேரில் முகர்ந்து பார்த்து வர வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், மூக்கு நன்றாக இருப்பவள் என்று என்னை அனுப்பிவிட்டாள். கடை விஷயம் தனியாக இருக்கட்டும் என்று ஒரு பழைய கைப்பேசியையும் கையில் திணித்தாள். புது சிம் அதற்குத்தான்.

ஓய்வு பெறும்வரை நான் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகப்பில் உட்கார்ந்திருந்தேன். தொலைந்துபோன சிம் அட்டைக்குப் பதில் அட்டை கொடுப்பதுதான் என் வேலை. சிம்முக்குள் நம் கைப்பேசி எண் இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அங்கே முக்கியமாக இருப்பவை வேறு இரண்டு. ஒன்று, நிறுவனம் அந்த அட்டைக்கு இட்ட நீண்ட அடையாள எண். மற்றது ஒரு ரகசியச் சாவி. அதுவும் எண்தான், ஆனால் அட்டையை விட்டு வெளியே வராது. கைப்பேசியைத் திறந்ததும் கோபுரத்தின் வழியாக நிறுவனம் ஒரு கேள்வி அனுப்பும். ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி. அட்டை அதைத் தன் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். அங்கேயும் அதே கணக்கு நடக்கும். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் உள்ளே வரலாம்.

நாம் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கும் எண் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. இந்த அட்டைக்கு இந்த எண் என்று அங்கே ஒரு முடிச்சு. அட்டை தொலைந்தால் நான் அந்த முடிச்சை அவிழ்த்துப் புது அட்டையில் போடுவேன். பழைய அட்டை யார் கையில் இருந்தாலும் அதற்கப்புறம் அது பேசாது. அழுதுகொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். நல்ல வேலை.

இரண்டாம் நாள் காலை சிம் உயிர் பெற்றது. அந்த எண்ணை வைத்து வாட்ஸ்அப் திறந்தபோது, நான் எதுவும் எழுதுவதற்கு முன்பே ஒரு பெயரும் படமும் வந்து நின்றன. ஞானவேல் என்ற பெயர். படகின் மேல் சாய்ந்து நிற்கும் ஓர் ஆள், தோளில் ஒரு சின்னப் பெண்.

எனக்கு ஆச்சரியம் இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்களை நிறுவனங்கள் சில மாதம் கழித்து வேறு ஆளுக்குக் கொடுப்பது எல்லா நாட்டிலும் நடப்பது. ஈப்போவில் நானே அப்படி எத்தனையோ எண்களைக் கொடுத்திருக்கிறேன். குடிவந்த வீட்டில் பழைய ஆள் மாட்டிவிட்டுப் போன காலண்டரைக் கழற்றுவதுபோல அந்தப் படத்தை எடுத்தேன். தங்கை அனுப்பியிருந்த என் படம் ஒன்றைப் போட்டேன். பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாண வீட்டுப் படம், பூவும் பொட்டுமாக. 'பிள்ளைச்சாவடி பாய்ஸ்' என்று ஒரு குழு, 'நம்ம குடும்பம்' என்று ஒரு குழு இருந்தன. அடுத்தவர் வீட்டுப் பேச்சைப் படிக்கக் கூடாது என்று ஒழுங்காக இரண்டிலிருந்தும் வெளியேறினேன்.

பிறகு மேட்டுப்பாளையம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அது வில்லியனூர் போகும் பஸ் என்று தெரிந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் என்னைவிடப் பதறி, கண்டக்டரைத் திட்டி, பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார். ஈப்போவில் நான் தவறான பஸ்ஸில் கோலாலம்பூர் வரை போனாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஊதுபத்திக் கூடத்தில் கரித்தூள் படிந்த கைகளோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகை, தாழம்பூ, சந்தனம் என்று முகர்ந்து முகர்ந்து ஒரு கட்டத்தில் எல்லாமே மிளகு வாசனை அடித்தது. கூடத்துக்காரர் தயிர்சாதம் வரவழைத்தார். சாப்பிடும்போது அந்தக் கைப்பேசி அதிர்ந்தது. உங்கள் வாட்ஸ்அப் குறியீடு இது, யாரிடமும் பகிராதீர்கள் என்று ஒரு செய்தி. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

யாரோ என் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறார்கள். வேலையில் இருந்த காலத்தில் இந்த மாதிரித் திருடர்களைப் பற்றி ஊழியர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். உடனே கணக்குக்கு ஒரு ரகசிய பின் எண் போட்டேன். இனிமேல் குறியீடு கிடைத்தாலும் உள்ளே வர முடியாது. செய்திகள் சாயங்காலம்வரை வந்துகொண்டே இருந்தன. கதவைத் தட்டு, தட்டு என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஜுபைதா அக்கா என்னைப் பசியாற பேக்கரிக்கு அழைத்துப் போனார். நீள ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவித் தருகிறார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்குப் பழகிய பல்லுக்கு அது கொஞ்சம் முரட்டு ரொட்டி. அடுத்த மேசையில் இரண்டு பெரியவர்கள் பிரெஞ்சில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ பெரிய விஷயம்போல இருந்தது. அக்காவுக்கு அந்த மொழி கொஞ்சம் வரும். காது கொடுத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்து, "முட்டிவலிக்கு எந்த எண்ணெய் நல்லதுன்னு பேசிக்கிறாங்க," என்றார்.

அப்போதுதான் குரல் செய்தி வந்தது. யோசிக்காமல் அழுத்திவிட்டேன்.

"யாரு நீ? எம் புருசன் போன்ல உனக்கு இன்னா வேல? படத்த மாத்தி வெச்சிக்கினு பல்லக் காட்டுற? அவருகிட்ட போனக் குடு. குடும்ப குரூப்ப வுட்டே வெளிய போற அளவுக்கு இன்னா பண்ணி வெச்சிருக்க அவர?"

பேக்கரி முழுக்கக் கேட்டது. முட்டிவலிக்காரர்கள் இருவரும் என்னையே பார்த்தார்கள்.

நான் வெளியே வந்து அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் என் குரலைக் கேட்டு வைத்துவிட்டாள். மறுபடி செய்தேன். வைத்தாள். நான் யார், எந்த நாடு, இந்த எண் எனக்கு எப்படி வந்தது என்று நிதானமாகச் சொல்லி ஒரு குரல் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது. "மலேசியாக்காரின்னா இன்னா, பெரிய இவளா? தைரியம் இருந்தா பிள்ளைச்சாவடிக்கு வந்து எங் கண்ணப் பாத்துப் பேசு."

"போறேன்," என்றேன் ஜுபைதா அக்காவிடம்.

"எதுக்கும்மா வம்பு? நீங்க பாஸ்போர்ட்ட வெச்சிக்கிட்டு வந்தவங்க. சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்."

"தூக்கிப் போட்டா அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்?"

அக்கா வீடுவரை நடந்தார். வீட்டு வாசலில் நின்று, "நானும் வரேன். ரெஃபரன்ஸ் நான்தானே," என்று பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் அவர் சொன்னார்: "எங்க மாமனார் காலத்துல, பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப, எத்தா சிவில் ஆபீஸ்ல பேரு எழுதினாத்தான் ஒருத்தன் பொறந்ததாவே கணக்கு. கல்யாணமும் அங்கதான், சாவும் அங்கதான். இப்ப எல்லாத்துக்கும் அந்தச் சின்ன அட்டை." பேச்சு சுவாரசியத்தில் பிள்ளைச்சாவடியை விட்டுவிட்டோம். கண்டக்டர் நினைவு வந்து இறக்கிவிட்டபோது அது கனகசெட்டிக்குளம். அதற்கு மேல் தமிழ்நாடு.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினாலே என் கைப்பேசி அதிரும், சிங்கப்பூருக்கு நல்வரவு என்று. இங்கே எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து பார்த்தேன். கைப்பேசிக்கு எதுவும் தெரியவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தோம்.

பிள்ளைச்சாவடியில் கடல் வீடுகளுக்கு மிக அருகில் வந்துவிட்டது. கரையெல்லாம் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஞானவேல் வீடு என்று கேட்டதும் வழி காட்டினார்கள், கூடவே எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள். செய்தி ஊருக்குத் தெரிந்திருந்தது.

அவள் பெயர் பூங்கொடி. முப்பது வயதிருக்கும். காலை மீன் வியாபாரம் முடித்து வந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இது நீங்களா?"

"பத்து வருசத்துக்கு முன்னால எடுத்தது."

அவள் முகத்தில் கோபம் ஒரு படி இறங்கியது. என் நரைத்த தலை எனக்கு இவ்வளவு உதவியாக இருந்ததே இல்லை. ஜுபைதா அக்கா நேராகக் கதவோரத்தில் உட்கார்ந்து, "தண்ணி குடும்மா, எல்லாம் சொல்றோம்," என்றார்.

நான் பழைய கைப்பேசியிலிருந்து அட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். முகப்பில் எத்தனையோ பேருக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். உன் கணவருடைய அட்டை வேறு, இது வேறு. எண் மட்டும் அங்கிருந்து இங்கே வந்துவிட்டது.

"அந்த சிம்மு அவருகிட்டதான் பத்திரமா இருக்கு. பஹ்ரைனுக்குப் போனதும் அந்த ஊரு சிம்மப் போட்டுக்கினு, நம்ம ஊரு சிம்மப் பேப்பர்ல மடிச்சுப் பர்ஸ்ல வெச்சிருக்கேன்னு சொன்னாரு. அப்புறம் எப்டி உங்களுக்கு வரும்?"

"ரீசார்ஜ் பண்ணாம விட்டா கம்பெனி எடுத்துக்கும்மா. எடுக்கப் போறோம்னு செய்தி அனுப்புவாங்க. அந்தச் செய்தியும் அந்த சிம்முக்குத்தான் போகும். அது பர்ஸ்ல இருந்திருக்கு."

"வாட்ஸ்அப் மட்டும் இத்தினி நாளா இதே நம்பர்ல ஓடிச்சே."

"ஒருமுறை திறந்துட்டா அது பாட்டுக்கு ஓடும். வேற யாராவது அதே எண்ணை வச்சுத் திறக்குற வரைக்கும். நான் திறந்துட்டேன். அவர் வெளியே போயிட்டார். குரூப்லேருந்து வெளியேறினதும் அவர் இல்ல, நான்."

சொல்லும்போதே என் குரல் இறங்கியது. குடிபோன வீடு என்று நினைத்துக் காலண்டரைக் கழற்றினேன். அந்த ஆள் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

பூங்கொடி வாசலைப் பார்த்தபடி பேசினாள். பொண்ணுக்குக் காதுகுத்து. ஏற்கெனவே அவருக்காகத் தள்ளிப் போட்டது. இந்த முறை கட்டாயம் வருகிறேன் என்றவர், அங்கே மீன்பிடிப் படகு முதலாளி விடவில்லை என்று மறுபடி சொல்லியிருக்கிறார். "ஆத்திரத்துல பேசிட்டேன். நீ வராத, அங்கயே கெடன்னு வாய்ஸ் போட்டுட்டுப் படுத்துட்டேன். கேட்டுட்டாரு, நீல டிக்கு வந்துச்சு. பதில் வருல. மறுநாளு பாத்தா உங்க படம். நான் இன்னா நெனக்கிறது?"

எனக்கு அப்போதுதான் அந்தக் குறியீட்டுச் செய்திகள் ஞாபகம் வந்தன. அட்டையைத் திரும்பப் போட்டு, செய்திகளைத் திறந்து அவளிடம் நீட்டினேன். மத்தியானம் தொடங்கிச் சாயங்காலம்வரை, ஒன்றன்கீழ் ஒன்றாக.

"இது என்னாது?"

"அவர் திரும்ப உள்ள வரப் பார்த்திருக்கார். ஒவ்வொரு தடவையும் குறியீடு அவருக்கு வராம எனக்கு வந்திருக்கு. நான் திருடன்னு நினைச்சுப் பூட்டிட்டேன்."

அவள் விரலால் மேலிருந்து கீழே மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு சட்டென்று தன் கைப்பேசியை எடுத்தாள். அதே சாயங்காலம் எடுக்காத இரண்டு அழைப்புகள், வெளிநாட்டு எண். "பக்கத்து வூட்டு அக்கா சொன்னாங்க, இந்த மாதிரி நம்பர எடுத்தா பேங்க்ல இருக்கறதெல்லாம் போயிடும்னு. அவரு எப்பவும் வாட்ஸ்அப்லதான் பேசுவாரு, அந்த ஊரு நம்பரு எனக்குத் தெரியாது. கட் பண்ணி வுட்டேன்."

நான் ஒரு பக்கம் கவனமாகப் பூட்டினேன். அவள் இன்னொரு பக்கம் கவனமாகப் பூட்டினாள்.

அந்த எண்ணுக்கு அடித்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பெண் சொன்னாள். பூங்கொடிக்கு அது புரிந்தது. "கடலுக்குப் போயிட்டாரு. போனா ஒரு வாரம்கூட ஆவும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

நெத்திலிக் குழம்பு. எங்கள் ஊர் அசாம் பெடாஸில் மீன் புளிக்குள் ஒளிந்திருக்கும். இதில் மீன்தான் முன்னால் நின்றது. மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் ஊர் பார்த்தேன் என்றுதான் பெயர். கடற்கரைச் சாலையில் நடந்தேன், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரைப் பார்த்தேன், மணக்குள விநாயகரை வணங்கினேன். எல்லா இடத்திலும் அந்தப் பழைய கைப்பேசி என் கையிலேயே இருந்தது. குளிக்கப் போனால் ஜுபைதா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். தினமும் பூங்கொடி கூப்பிடுவாள். "வந்துச்சாம்மா?" வரவில்லை என்பேன். ஒரு நாள் காற்று பலமாக அடித்தது. பஹ்ரைன் கடலுக்கும் இந்தக் காற்றுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்று அவள் மூன்று முறை கூப்பிட்டாள்.

ஊதுபத்தி மாதிரிகளை வாங்க இரண்டாம் முறை மேட்டுப்பாளையம் போனபோதுதான் அந்த அழைப்பு வந்தது. நீளமான எண்.

"அலோ."

"நீங்க யாருங்க?" ஆண் குரல், கரகரத்திருந்தது. "இது எம் நம்பரு."

"உங்க பேரு?"

"ஞானவேல். பிள்ளைச்சாவடி. அம்மா, தப்பா நெனக்காதீங்க. ஒரு ஓடிபி வரும், அத மட்டும் சொல்லிடுங்க. பெரிய புண்ணியமாப் போவும்."

ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கள். இந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, இப்படிக் கேட்பவன் திருடன் என்று எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தோம். இவர்தான் என்று மனம் சொன்னது. இவர் இல்லாவிட்டால், அவர் குடும்பத்துப் பேச்சையெல்லாம் ஒரு அயோக்கியனிடம் கொடுத்தவளாகிவிடுவேன்.

"பூங்கொடிகிட்ட பேசினீங்களா?" என்றேன்.

"அவள உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"பேசினீங்களா?"

"அவ எடுக்கமாட்டா. கோவத்துல இருக்கா. ரெண்டு தடவ அடிச்சேன், கட் பண்ணிட்டா."

"லைன்லயே இருங்க. வச்சிடாதீங்க."

அவரைக் காத்திருக்க வைத்து, பூங்கொடிக்கு அடித்து, இரண்டு அழைப்புகளையும் இணைத்தேன்.

"அம்மா, வந்துச்சா?"

"ஒருத்தர் லைன்ல இருக்கார். உன் வீட்டுக்காரர்தானான்னு நீதான் சொல்லணும்."

அந்தக் குரல், "பூவு," என்றது.

நானாக இருந்தால் அதற்கே சரி என்றிருப்பேன். அவள் விடவில்லை.

"கடசியா நான் இன்னா சொன்னேன்?"

"வராத, அங்கயே கெடன்னு சொன்ன."

"அதுக்கு நீ இன்னா சொன்ன?"

"சொல்ல எங்க வுட்டுச்சு? எப்டிச் சொல்றதுன்னு ராவெல்லாம் யோசிச்சேன். காத்தால எடுத்தா எல்லாம் பூட்டிக்கிச்சு."

"இப்ப சொல்லு."

அந்த இடத்தில் நான் வைத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு அழைப்புகளும் என் கைப்பேசி வழியாகத்தான் இணைந்திருந்தன. நான் வைத்தால் இருவரும் அறுந்துபோவார்கள். மறுபடி கிடைப்பாரோ இல்லையோ, அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை. அருகில் ஊதுபத்தி உலர்த்தும் தட்டு இருந்தது. ஒலியைக் குறைத்து, கைப்பேசியைத் தாழம்பூப் பத்திகளுக்கு நடுவே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது நின்று, சரக்கு ஏற்றி, கயிறு கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தி உருட்டும் பெண் ஒருத்தி வெளியே வந்து, "அக்கா, உங்க போனு அழுவுது," என்றாள்.

உள்ளே போனேன். பூங்கொடி அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், அல்லது அவரும் அழுதுகொண்டிருந்தார். போனில் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நான் போட்டிருந்த ரகசிய பின் எண்ணை எடுத்துவிட்டு, வந்த குறியீட்டைப் படித்துச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக. அவர் உள்ளே போனார், நான் வெளியே வந்தேன். பிறகு, எண்ணை மாற்றும் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்து, கணக்கைப் பஹ்ரைன் எண்ணுக்கு நகர்த்த வைத்தேன். இனிமேல் இந்த எண் யாரிடம் போனாலும் அவரைத் தொடாது. குறித்த தேதியில் காதுகுத்துக்கு அவரால் வர முடியாது. அது உண்மைதான். சீசன் முடிந்து வருகிறார், அதுவரை தள்ளி வைத்திருக்கிறார்கள். பூங்கொடிக்கு அதில் இன்னும் வருத்தம்தான். ஆனால் இப்போது அந்த வருத்தத்தை அவரிடமே சொல்கிறாள்.

நான் கிளம்புவதற்கு முன்தினம் பூங்கொடி ஒரு பொட்டலம் கருவாட்டோடு ஜுபைதா அக்கா வீட்டுக்கு வந்தாள். "அந்த சிம்ம எனக்குக் குடுத்துட்டுப் போறீங்களாம்மா? நான் ரீசார்ஜ் பண்ணி வெச்சிக்கிறேன். கல்யாணமான புதுசுல அவரு குடுத்த நம்பரு."

கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. என் விசாவோடு கட்டிய அட்டை. நான் போனபின் அது தானாகவே அடங்கிவிடும். பிறகு வேறு யாருக்காவது போகும்.

"பர்ஸ்ல வெச்சிருக்கறதத் தூக்கிப் போடுய்யான்னு சொல்லிட்டேன். மாட்டேங்குறாரு. பழைய ஆளுங்க நம்பரெல்லாம் அதுலதான் ஏத்தி வெச்சிருக்காராம்."

"அது சரிதான். அந்த அட்டை யாரையும் கூப்பிடாது. ஆனா அதுல எழுதி வச்சது அப்படியே இருக்கும்."

"அப்ப இருக்கட்டும்." போகும்போது வாசலில் திரும்பினாள். "அந்த நம்பரு அடங்குறவரைக்கும் யாராச்சும் அவர கேட்டு அடிச்சா, புது நம்பரக் குடுத்துடுங்கம்மா."

மறுநாள் காலை பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது.

"டேய் ஞானவேலு! எங்கடா கீற? ஆளையே காணம்?"

வயதானவர் குரல். பின்னால் கடல் சத்தம் கேட்டது.

"ஞானவேல் பஹ்ரைன்ல இருக்காருங்க," என்றேன். "நல்லா இருக்காரு. சீசன் முடிஞ்சு வராரு. புது நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

அவர் யாரையோ கூப்பிட்டுப் பேனா கேட்டார். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். எழுதி முடித்துவிட்டுத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஆமா, நீ யாரும்மா அவனுக்கு?"

சொந்தம் என்று சொல்ல முடியவில்லை. யாரும் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

"அவரோட பழைய நம்பருங்க," என்றேன்.